டீ வாங்கப் போன பையனும் மோட்டார் வண்டி வரலாறும்

கொஞ்சம் நீண்ட பதிவு. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் பழவேற்காட்டில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டுக் காட்டூருக்குத் திரும்பும் வழியில் என் கார் நின்றுவிட்டது. 11 வருடத்து வண்டி. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, சென்சார் போய்விட்டது, அதோடு சேர்ந்த வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். பென்ஷன்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்து முடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது.

நம் ஊர் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். என் பழைய மாணவன்தான். பெயரைப் போடாதீர்கள் சார் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. உங்களில் பலருக்கு யாரென்று தெரிந்துவிடும், தெரிந்தவர்களும் கமெண்டில் எழுத வேண்டாம். அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்தான். பானெட்டைத் திறந்தவன் சென்சார் பக்கமே போகவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரை விரலால் தடவிக்கொண்டே போய், அது பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில் நின்றான். கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கிறது. "சார், சென்சாருக்கு ஒண்ணும் ஆவல. எர்த்து போயிருக்கு. கரண்டு திரும்பிப் போற வழி அடைச்சிக்கிச்சு. அதான் சென்சார் தப்புத் தப்பா சொல்லுது. ஏரிக் காத்து சார்." உப்புத்தாளால் தேய்த்தான், இறுக்கினான், மேலே கொஞ்சம் வாசலின் தடவினான். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. உப்பு செய்த வேலைக்கு உப்புத்தாளே மருந்து என்று நான் சொன்ன ஜோக்குக்கு அவன் மரியாதைக்காகச் சிரித்தான். 200 ரூபாய் வாங்கிக்கொண்டான்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. கையைத் துடைத்துவிட்டு, பச்சை பிடித்த இடத்தைத் தேய்ப்பதற்கு முன் எடுத்த போட்டோவோடு போனில் பேச ஆரம்பித்தான். எந்த வண்டி, எத்தனை வருடம், என்ன தொந்தரவு, கம்ப்யூட்டர் என்ன சொன்னது, உண்மையில் என்ன இருந்தது என்று எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம். பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்து டிரைவர்களும் மெக்கானிக்குகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்பினான். ஆறு வருடமாக இப்படி அனுப்புகிறானாம். "இதையெல்லாம் சொல்லிட்டா உன் பொழப்பு என்னடா ஆவும்?" என்று கேட்டேன். "என்னை டீ வாங்க அனுப்பினாங்களே சார், அதை மறக்க முடியல" என்றான்.

அந்த டீ கதையைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் முதலில் குப்பத்தில் பைபர் படகு எஞ்சின்களுக்குக் கை உதவியாக இருந்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்துக்குப் பல நிறுவனங்கள் படகும் எஞ்சினும் கொடுத்தது நினைவிருக்கும். விதவிதமான எஞ்சின்கள் வந்து இறங்கின. கூடவே இங்கிலீஷில் புத்தகமும் வந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிக் கழுவினால்தான் ஆயுள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டான். பிறகு சென்னை புதுப்பேட்டையில் ஒரு கார் ஷெட்டில் ஹெல்பராகச் சேர்ந்தான்.

அங்கே பெரிய மெக்கானிக் கைராசிக்காரர். பழைய அம்பாசடர்களும் மாருதிகளும் வரிசையில் நிற்குமாம். எல்லா வேலையும் பையன்கள் செய்யலாம். ஆனால் டைமிங் வைக்கும் நேரம் வந்தால் மட்டும், "டேய், போய் டீ வாங்கிட்டு வா." டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, சரியான இடத்தில் நிறுத்துவதுதான் அந்த வேலை. முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகாது. டீ வாங்கி வருவதற்குள் முடிந்துவிடும். நம் பையன் என்ன செய்தான் தெரியுமா? டீக்குக் கிளம்புவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரிலும் எஞ்சினிலும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவான். திரும்பி வந்து, கோடு எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வான். ஒரு வருடம் டீ வாங்கியே தொழிலைக் கற்றுக்கொண்டான்.

இதைக் கேட்டதிலிருந்து, இந்த மோட்டார் அறிவு நம் நாட்டில் கையிலிருந்து கைக்கு எப்படி வந்தது என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை என்ன இருக்கிறது எனக்கு? படித்ததில் முக்கியமானவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் பகுதிக்கு மோட்டார் வண்டி தாமதமாக வந்தது. என் தாத்தா காலத்தில் பழவேற்காட்டிலிருந்து பட்டணத்துக்குப் பக்கிங்காம் கால்வாய்தான் பாதை. சுண்ணாம்புக் கிளிஞ்சலும் விறகும் படகில் போகும். பட்டணத்திலோ குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியில் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டிவிட்டார். இந்தியாவில் செய்த முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் மோட்டார் மெக்கானிக் என்று தனியாக ஒரு சாதியும் இல்லை, படிப்பும் இல்லை. குதிரை வண்டிக்கு இரும்புப் பட்டை அடித்த கொல்லரும் மரவேலை செய்த தச்சரும்தான் மோட்டார் வண்டிக்கு மாறினார்கள். பழைய கைத்தொழிலோடு அதன் பழக்கமும் கூடவே வந்தது: தொழில் ரகசியத்தை மகனுக்கோ மருமகனுக்கோ தவிர வேறு யாருக்கும் சொல்லாதே!

இதற்கு நேர் எதிராக நடந்தவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை (ஆசிரியராக இருந்த நான் இதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்). ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஓட்டவில்லை, பிரித்தார். அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார். அவருக்குக் கிடைத்த முதல் மெக்கானிக் பட்டம் அதுதான். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கினார், ஓட்டியவரும் அவரே. அதுதான் பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

அவருடைய ரேசர், மோட்டார் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1945இல் சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பப் பள்ளியையும் கல்லூரியையும் தொடங்க முன்னின்றார். ஷெட்டில் அடைந்து கிடந்த அறிவைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். ஆனால் அங்கேயும் சண்டை. இந்தப் படிப்புக்கு இத்தனை வருடம் எதற்கு, ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் குறைந்த காலத்தில் முடிக்கலாமே என்றார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடு சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கும் இயற்பியலும் அவசரத்தில் ஏறாது. ஆனால் டைமிங் வைப்பதற்கு நாலு வருடம் டீ வாங்க வேண்டியதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு செய்தி என் அப்பா வாயால் கேட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போது பஸ்கள் கரியில் ஓடின என்பார். நான் சிறுவனாக இருந்தபோது நம்பவில்லை. உண்மைதான். 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் அப்போது கேஸ் பிளான்ட் தயாரித்து விற்றது. பஸ்ஸின் பின்னால் பெரிய உருளை மாதிரி அடுப்பு இருக்கும். அதில் மரக்கரியைப் போட்டு, காற்றை அளவாக விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோலுக்குப் பதிலாக அது எரியும். சக்தி குறைவு. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். விடியற்காலையில் கிளீனர் பையன் துருத்தி சுற்றி அடுப்பு மூட்ட வேண்டும். சாம்பலை வாரி, வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்யாவிட்டால் தூசி எஞ்சினுக்குள் போய் சிலிண்டரை அரித்துவிடும். கரி வகை மாறினாலும், மழையில் நனைந்தாலும் காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருந்தது? கிளீனருக்கு கிளீனர், டிப்போவுக்கு டிப்போ வாயால் சொல்லித்தான் ஆயிரக்கணக்கான மைல் ஓட்டினார்கள். போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது, அந்தக் கைப்பக்குவம் முழுவதும் பத்து வருடத்தில் மறைந்துபோனது. யாரும் எழுதி வைக்கவில்லை, தேவைப்படும் என்று யாரும் நினைக்கவுமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் வடக்குக் கரைக்கே கார் வந்தது. 1948இல் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பினார். 1955இல் அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. நம் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையோ அந்த ஆலையால் பிழைத்தன. அரசாங்கம் 1950இல் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1961இல் அப்ரன்டிஸ் சட்டம் வந்தது. இருந்தாலும் ரோட்டோர மெக்கானிக்குகள் பெரும்பாலும் ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காதவர்கள்தான்.

அவர்கள் பொற்காலம் அம்பாசடர் காலம். 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அந்தக் கார் வந்துகொண்டிருந்தது. வெளியே கொஞ்சம் மாறினாலும் அடிப்படை அதிகம் மாறவில்லை. ஒரு முறை கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் சோறு. என் மாணவன் அப்போதைய வித்தைகளைச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிளக்கில் இடைவெளி வைக்க அளவுகோல் இல்லையென்றால் உடைந்த ஆக்ஸா பிளேடு போதும். அதன் கனம் ஏறக்குறைய 25 தவு, அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு. அம்பாசடர் பிளக்குக்குத் தேவையானதும் அதே அளவு. கோடை வெயிலில் பெட்ரோல் பம்ப்பில் ஆவி கட்டி வண்டி நின்றால், பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் நிழலில் நிற்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். கரி அடைத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தால் எந்த பேரிங் சத்தம் போடுகிறது என்று தெரிந்துவிடும். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பேதான்! விஞ்ஞானப் பாடத்தில் ஒலி திடப்பொருளில் வேகமாகச் செல்லும் என்று உங்களுக்கு எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரை உங்கள் காதில் வைத்துக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

பெரிய மெக்கானிக் ஏன் மறைத்தார் என்பதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு பி.எப். இல்லை, பென்ஷன் இல்லை, கையில் சர்ட்டிபிகேட்டும் இல்லை. இருந்த ஒரே சொத்து அந்த இரண்டு நிமிடம். அதையும் பையன் தெரிந்துகொண்டால் அடுத்த தெருவிலேயே ஷெட் போட்டுவிடுவான். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிய நான் அவரைக் குறை சொல்வது சுலபம்.

ஆனால் பூட்டு அவர் போட்டது மட்டும் இல்லை. இன்னொரு பூட்டு மேலேயிருந்து வந்தது.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 விற்பனைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். கொஞ்ச நாள் மெக்கானிக்குகள் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். உண்மையான மாற்றம் 2000ஐ ஒட்டி வந்தது. கார்ப்பரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறை வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரும் போயிற்று. டைமிங் வைப்பது கம்ப்யூட்டரின் வேலை ஆயிற்று. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக (2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6) வண்டிக்குள் சென்சார்கள் பெருகின. அந்த விதிகள் தேவைதான், எண்ணூர்ப் புகையைச் சுவாசித்த நாம் அதில் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஸ்பேனர் மட்டும் வைத்திருந்தவர் இப்போது வண்டியோடு பேச ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவி சொல்வதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டும் என்ற நிலை. இரண்டும் கம்பெனி கையில். நம் பையனைப் புதுப்பேட்டையில் டீ வாங்க அனுப்பியது போல, நாட்டில் இருக்கும் அத்தனை ரோட்டோர மெக்கானிக்குகளையும் டீ வாங்க அனுப்பிவிட்டார்கள்.

இதை எதிர்த்து ஒரு வழக்கு நடந்தது பலருக்குத் தெரியாது. 2011 ஜனவரியில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும், ரிப்பேர் புத்தகத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கின்றன என்பது புகார். முதலில் மூன்று கம்பெனிகள்மேல் தொடங்கிய விசாரணை பிறகு விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பார்ட்ஸும் கருவியும் வெளிச்சந்தையில் கிடைக்க வழிசெய்ய வேண்டும், வெளியே ரிப்பேர் பார்த்தான் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் உத்தரவிட்டது. பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல்முறையீடு போயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்குப் போட்டே இந்த உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருடம் டிசம்பர் 24 அன்று இணையதளமும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம் இவற்றோடு மோட்டார் வண்டியும் அதில் இருக்கிறது.

இதை என் மாணவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "நல்லது சார். ஆனா அந்தப் புக்கு இங்கிலீஷ்ல இல்ல இருக்கும்?" என்றான்.

கோர்ட் உத்தரவு காட்டூருக்கு வந்து சேருமுன் போன் வந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு சின்னக் கருவி வாங்கியிருக்கிறான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது, அதில் செருகினால் போனில் எண்கள் வரும். பி-0300 என்று வந்தால் எஞ்சின் சரியாக வெடிக்காமல் விட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். ஏன் என்பதை அது சொல்லாது. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், என் வண்டி போல எர்த்தாகவும் இருக்கலாம். "குழந்தை வயித்த வலின்னு சொல்லும் சார். என்னத்த தின்னுச்சுன்னு நாமதான் கேக்கணும்" என்கிறான். அந்தக் கேட்கும் வழியைத்தான் குழுவில் பேசி அனுப்புகிறான்.

அவன் அனுப்பியவற்றை ஒரு மாதமாக நானும் கேட்டேன். நம் ஏரிக்கரைக்கு என்றே உள்ளவை நிறைய. உறவினர்கள் குறித்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் வண்டியைப் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுவிட்டுப் போகாதீர்கள். கேபிளும் லைனிங்கும் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள். முகத்துவாரத் தண்ணீர் ஏறிய ரோட்டில் ஓட்டினால் அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், நாளைக்கு என்றால் உப்பு காய்ந்து ஒட்டிவிடும். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் கழற்றி வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலின் தடவுங்கள். மீன் ஏற்றும் குட்டி யானைகளில் ஐஸ் தண்ணீர் ஒழுகிப் பின்பக்கத்து வயரிங் ஜாயிண்ட்டைத்தான் முதலில் தின்னும், லைட் எரியவில்லை என்று பல்பை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இதில் எந்த ஒன்றையும் எந்தக் கம்பெனிப் புத்தகமும் பழவேற்காடு ஏரியை நினைத்து எழுதியிருக்காது.

தப்பும் நடக்கிறது. யூடியூபைத் திறந்தால் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவன் எல்லாம் பிரேக்குக்கு வைத்தியம் சொல்கிறான். நம் பையனும் ஒரு தடவை சறுக்கினான். நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு தேவையில்லை, கழற்றி எறியுங்கள் என்று பழைய ஷெட் பழக்கத்தில் பேசி அனுப்பிவிட்டான். புது வண்டிகளில் அதைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து பெட்ரோலை அதிகமாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழுந்த இரண்டு டிரைவர்கள் வந்து கேட்டார்கள். அன்று இரவே, "நான் சொன்னது தப்பு, கழட்டினவங்க வாங்க, திருப்பிப் போட்டுத் தரேன், கூலி வேணாம்" என்று பேசி அனுப்பியிருக்கிறான். அந்தப் பதிவைக் கேட்டேன். நான் 36 வருடம் வகுப்பு எடுத்ததில் கரும்பலகையில் எழுதிய தப்பை இப்படி வாய்விட்டுச் சொல்லித் திருத்தியது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன். அதிகம் இல்லை.

வெளிநாட்டில் இதற்கு இரண்டு முன்மாதிரி உண்டு. ஜான் ஹேன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஏடனில் விமானப்படையில் இருந்தபோது நண்பனின் ஸ்ப்ரைட் காரைப் பிரித்துப் பூட்ட உதவினார். கம்பெனிப் புத்தகம் சாதாரண ஆளுக்கு உதவாது என்று கண்டு, படிப்படியாகப் படம் எடுத்து 1966இல் ஒரு புத்தகம் போட்டார். அதிலிருந்து ஒவ்வொரு காருக்கும் ஒரு ஹேன்ஸ் புத்தகம் என்று ஆயிற்று. இன்னொன்று ஜெராக்ஸ் கம்பெனி. ஜூலியன் ஆர் என்ற மானுடவியல் ஆய்வாளர் அங்கே மெஷின் ரிப்பேர் செய்பவர்களோடு கூடவே சுற்றினார். அவர்கள் கம்பெனிப் புத்தகத்தைவிட, சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளில்தான் அதிகம் கற்கிறார்கள் என்று கண்டு 1996இல் புத்தகமாக எழுதினார். அந்தக் கம்பெனியே பின்னால் ரிப்பேர்க்காரர்களின் குறிப்புகளை எல்லோருக்கும் பொதுவாகச் சேர்த்து வைத்தது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதைக் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும்.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவன் ஏழாம் வகுப்பு படித்தபோது பள்ளி அலாரம் டைம்பீஸ் ஓடவில்லை. மதிய இடைவேளையில் இவன் அதைத் திறந்து பல்சக்கரங்களைப் பெஞ்சில் பரப்பி வைத்திருந்தான். நான் பார்த்துவிட்டேன். பிரம்பால் இரண்டு போட்டு, வெளியே முட்டி போட வைத்தேன். அடி வாங்கிய பிறகு, சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை டைம்பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் யார் சரிசெய்தது என்று ஆசிரியர்களிடம் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அடித்துவிட்டுப் பிறகு எப்படிச் சொல்வது என்ற கௌரவம். அடுத்த வருடம் அவன் படிப்பை விட்டான். அந்த டைம்பீஸ் நான் மாற்றலாகிப் போகும் வரை ஓடியது. போன வாரம்தான் அவனிடம் சொன்னேன். "தெரியும் சார், நீங்க அங்கதான் நின்னுட்டிருந்தீங்க" என்றான்.

இப்போது ஞாயிறு காலைகளில் அவன் ஷெட்டில் எனக்கு வேலை இருக்கிறது. மீன் வண்டிகளின் வயரிங் படம் ஒன்று கிடைத்திருக்கிறது, எல்லாம் இங்கிலீஷ். நான் படித்துத் தமிழில் சொல்ல, அவன் குரலில் பதிந்துகொள்கிறான். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். "கிரவுண்ட்" என்று வந்ததை "தரை" என்று மொழிபெயர்த்தேன். "எந்தத் தரை சார்?" என்று விழித்தான். படத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, எர்த்து சார்! உங்க வண்டி நின்னுச்சே, அது" என்றான்.

என் இங்கிலீஷ் அந்த அளவுதான். உங்களில் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் ஆலைகளில் வேலை செய்பவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். வளைகுடாவில் ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். கம்பெனி ரகசியம் எதுவும் வேண்டாம், உங்கள் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. சென்சார் எது, ரிலே எது, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று படத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னால் போதும். மின்சார வண்டிகளும் நம் பக்கம் வர ஆரம்பித்துவிட்டன. அவற்றில் ஆரஞ்சு நிற வயரைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். தொடக்கூடாதவை எவை என்று தெரிந்தவர்கள் அதை முதலில் சொல்லுங்கள். ஷெட்டில் நாலு பையன்கள் ஹெல்பராக இருக்கிறார்கள்.

வெளியூரில் இருப்பவர்கள் குரலில் அனுப்பலாம். பக்கத்தில் இருப்பவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். டீக்குப் பையன்களை அனுப்புவதில்லை. நான் போய் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
காட்டூர்.